சாவி யார்கிட்ட இருக்கு?

ஒரு சமுதாயக் கூடத்தை யார் கட்டினார்கள் என்று தெரிய வேண்டுமானால் கல்வெட்டைப் படித்தால் போதும். அடிக்கல் நாட்டியவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், நாள் நட்சத்திரம் எல்லாம் பளிங்கில் இருக்கும். உள்ளே போக வேண்டும் என்றால்தான் கல்வெட்டு கைவிட்டுவிடும். எதிர்ச்சாரி டீக்கடையில் போய், "சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்க வேண்டும்.

கடலூர் முதுநகரில் எங்கள் தெருப்பக்கம் இந்தக் கேள்விக்கு இருபது வருடமாக ஒரே பதில்தான். டீ ஆற்றுகிறவர் வாயால் சொல்ல மாட்டார். தாடையை மட்டும் தெற்கே திருப்புவார். மூன்றாவது வீட்டுத் திண்ணையில் கைலியும் துண்டுமாகச் சாய்ந்திருப்பவர்தான் ஆள். அவருடைய பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது. தெருப் பிள்ளைகளுக்கு அவர் சாவி மாமா, எனக்குச் சாவி அண்ணே. அரசாங்கத்துக்கு அவர் யாருமே இல்லை. சம்பளம் கிடையாது, ஒரு ரிஜிஸ்டரிலும் கையெழுத்து கிடையாது. ஆனால் அவர் கல்யாணத்துக்குத் திருக்கோவிலூர் போய்விட்டால் இங்கே பொதுக் கட்டடங்கள் எல்லாமே விடுமுறையில் இருக்கும்.

சாவிக்கொத்து பார்க்க வேண்டிய ஒன்று. துறைமுகத்துப் பக்கம் வலை பின்னுகிற நைலான் நூலில் கோத்து, மீனவர் முடிச்சுப் போட்டு, அரைஞாணில் செருகியிருப்பார். சமுதாயக் கூடம், தண்ணீர்த் தொட்டி மோட்டார் அறை, கழிப்பறை, உடற்பயிற்சிக் கூடம், புயல் பாதுகாப்பு மையம். சிலவற்றுக்கு அடையாளமாக மாத்திரை அட்டையை வெட்டிக் கட்டியிருக்கிறார்: சர்க்கரை மாத்திரை அட்டை என்றால் மோட்டார் அறை, இரத்தக் கொதிப்பு என்றால் கழிப்பறை. கொத்தில் ஒரு சாவிக்குக் கட்டடமே இல்லை. 2011 டிசம்பர் 30 காலையில் கரையேறிய தானே புயல் அந்தத் தகரக் கொட்டகையை எங்கேயோ கொண்டு போய்விட்டது. "பூட்டோடதான் போச்சு" என்பார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருக்கும்.

இவர் எப்படி உண்டாகிறார் என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். யாரும் நியமிப்பதில்லை; டெண்டர்தான் இவரைப் பெற்றெடுக்கிறது. கட்டட வேலைக்கு ஒரு மதிப்பீடு, ஒரு டெண்டர். மின்சார வேலைக்கு இன்னொன்று. தண்ணீர் இணைப்புக்குப் பணம் கட்டி வேறொரு துறையின் வாசலில் நிற்க வேண்டும். சுவரும் கூரையும் போட்ட காண்ட்ராக்டர் வெள்ளையடித்துவிட்டு, இனி தன் வேலை முடிந்தது என்கிறார். இணைப்பு வராமல் எடுத்துக்கொள்ள முடியாது என்கிறது துறை. திறந்து வைக்க வேண்டியவரின் தேதி கிடைக்கவில்லை. கட்டடம் பிறந்துவிட்டது, ஆனால் யார் பிள்ளை என்று சொல்ல ஆளில்லை. இந்த நேரத்தில்தான் காண்ட்ராக்டரின் வாட்ச்மேனுக்குப் பொங்கல் வருகிறது. ஊருக்குப் போகும் அவசரத்தில் பக்கத்துத் திண்ணையில் இருப்பவரிடம், "ரெண்டு நாள்ல வந்துடறேண்ணே, பாத்துக்குங்க" என்று சாவியைக் கொடுக்கிறார். ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் தினசரியில் தலைப்புச் செய்தியைப் படிக்க மாட்டார்; நேரே டெண்டர் விளம்பரத்துக்குப் போவார். வரிசை எண், பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, பிணை வைப்புத் தொகை, கட்டம் கட்டமாக விரலை ஓட்டுவார். 1998-ல் வந்த ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத் தன்மைச் சட்டம், தொழில்நுட்பத்துக்கு ஒரு கவர், விலைக்கு ஒரு கவர், குறைந்த விலைக்காரர் எல்-1 என்பதெல்லாம் அவருக்கு வெற்றிலை பாக்கு மாதிரி. ஒருநாள் விரலை நிறுத்திச் சொன்னார்:

"தம்பி, எஸ்டிமேட்ல கதவு உண்டு. கதவுக்குக் கீலு, டவர் போல்ட், அல்ட்ராப்பு எல்லாம் உண்டு. பூட்டு உண்டா, பாருங்க."

பார்த்தேன். அவர் காட்டிய எஸ்டிமேட் நகலில் அல்ட்ராப்பு வரைக்கும் வந்த அரசாங்கம் அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

"பூட்டு என் காசு. 120 ரூபா. கட்டடம் கவர்ன்மென்டுது, பூட்டு என்னுது."

அன்றைக்கு எனக்குச் சட்டப்படியான நிலவரம் புரிந்தது. லட்சக்கணக்கில் செலவான அந்தச் சொத்து, 120 ரூபாய் தனியார் முதலீட்டின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

சாவியைத் திறப்பதற்கு மட்டும் பயன்படுத்துபவர் என்று அவரைக் குறைத்து எண்ணக்கூடாது. புதுக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் பெரிய சாவியை எடுத்துச் சுவரைத் தட்டிக்கொண்டே நடப்பார். தண், தண், தண்... டொக். நிற்பார். பூச்சு சுவரைப் பிடிக்காத இடம் அது. கரியால் அங்கே ஒரு வட்டம். புதிதாக வந்த இளம் பொறியாளர் அம்மா ஒருமுறை கூடவே நடந்து, ஒவ்வொரு வட்டத்தையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். "எங்க படிச்சீங்க ஐயா?" என்று கேட்டதற்கு, "எங்க அம்மா தேங்கா தட்டி வாங்குவாங்க மேடம்" என்றார். அந்த அம்மா சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். சிரித்துவிட்டு, காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு ஏழு இடத்தில் பூச்சைக் கொத்த வைத்தார்.

கம்பி கட்டும்போதும் இவர் ஆஜர். உப்புக் காத்து அடிக்கிற ஊரில் கம்பிக்கு மேல் கான்கிரீட் 45 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், கவர் பிளாக் வைக்காமல் ஓட்டினால் பத்து வருடத்தில் கம்பி துருப்பிடித்து ஊதி, கூரை உரிந்து விழும் என்று மேஸ்திரிக்குப் பாடம் எடுப்பார். மேஸ்திரி முப்பது வருட அனுபவஸ்தர். "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு வேலை பார்ப்பார். அந்தச் "சரிங்க மாமா"வில்தான் நம் மாநிலத்துக் கட்டுமானத் தரம் ஊசலாடுகிறது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

அவர் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கான்கிரீட் கட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறார். பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர், எட்டுக் கிலோ எடை. கான்கிரீட் போடும்போதே வார்த்து, 28 நாள் தண்ணீரில் ஊற வைத்து, சோதனைக்கூடத்து இயந்திரத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டிய கட்டை அது. எம்-20 கலவை என்றால் ஏறக்குறைய 45 டன் பாரத்தைத் தாங்கிவிட்டுத்தான் உடைய வேண்டும். உடைய வேண்டிய கட்டை முழுசாக இந்த வாசலுக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. சான்றிதழில் அது உடைந்திருக்கலாம்.

சரித்திர விஷயங்களிலும் அவர் பார்வை இதே பார்வைதான். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் எங்கள் ஊர்த் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கே பெயர் கொடுத்த எலிகு யேல் அப்போது சென்னையில் ஆளுநர். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற கேள்விக்குச் சங்கிலி போட்டு அளக்கவில்லை. பீரங்கியால் சுட்டுக் குண்டு விழுந்த தூரம் வரை வெள்ளைக்காரனுக்கு என்று பேச்சு. அதனால்தான் குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஊர்ப்பெயர் இருக்கிறது. இந்தக் கதையைக் கேட்டதும் நாம் வியப்போம். அவர் கேட்டது, "எம்-புக்ல யாரு எழுதினாங்க?" அளவுப் புத்தகத்தில் ஏறாத அளவு அளவே இல்லை என்பது அவர் சித்தாந்தம். இருந்த பீரங்கியிலேயே பெரிசைச் சென்னையிலிருந்து கொண்டுவந்து சுட்டார்களாம் என்று நான் எடுத்துக் கொடுத்ததும், "பாத்தீங்களா, டேப்பையே காண்ட்ராக்டர் கொண்டாந்திருக்கான்" என்றார்.

மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குத் துறைமுகம் ஜங்ஷனில் ரயில் ஏறிச் சிதம்பரம் போவோம். பொற்கூரையில் 21,600 ஓடுகள், மனிதன் ஒரு நாளைக்கு விடும் மூச்சின் கணக்கு. 72,000 ஆணிகள், உடம்பிலுள்ள நாடிகளின் கணக்கு என்பார்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்க, இவர் அண்ணாந்து பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். மந்திரம் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் சொன்னார்: "ஓட்டுக்கு மூணு ஆணிக்கு மேல, நாலுக்குக் கீழ வருது தம்பி. ரிவைஸ்டு எஸ்டிமேட்டாதான் இருக்கணும்."

அவர் வாழ்க்கையில் சாவியே தேவைப்படாத பொதுச் சொத்து என்று ஒன்றே ஒன்றைத்தான் ஒப்புக்கொள்வார். பழைய வீராணம் திட்டத்தின் குழாய்கள். எழுபதுகளில் திட்டம் பாதியில் நின்று, ஆள் நிமிர்ந்து உட்காரும் அளவுள்ள அந்தக் குழாய்கள் சென்னைக்குப் போகும் சாலையோரங்களில் வருடக்கணக்காகக் கிடந்தன. சிறுவனாக இருந்தபோது உள்ளே ஒளிந்து விளையாடியிருக்கிறார். குடித்தனம் நடத்தியவர்களையும் பார்த்திருக்கிறார். புதிய வீராணம் திட்டம் 2004-ல்தான் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. "தண்ணி வர்றதுக்கு முன்னாடியே முப்பது வருஷம் ஜனங்களுக்குப் பயன்பட்ட திட்டம்" என்று அவர் சொல்வதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்வதா, பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். அதிகாரம் சின்னதாக இருந்தாலும் அதன் குணம் ஒன்றுதான். காதுகுத்துக்குக் கூடம் கேட்டு வருகிறவரைச் சும்மா அனுப்ப மாட்டார். "யாரு வீட்டுப் புள்ள, எந்தத் தேதி, பந்தி எத்தினி" என்று சிவில் சர்வீஸ் நேர்முகத் தேர்வு நடக்கும். போன வருடம் சண்டை போட்ட வீட்டுக்கு மோட்டார் அறைச் சாவி கிடைக்கக் கொஞ்சம் நேரமாகும். கழிப்பறையை அசுத்தமாகிறது என்று சொல்லியே நான்கு மாதம் பூட்டி வைத்திருந்தார். சுத்தமாக இருந்தது, உண்மை, யாருமே போகவில்லையே. காண்ட்ராக்டரின் பிணைத்தொகை விடுபடுகிற மாதம் நெருங்கும்போதெல்லாம் ஒழுகுகிற இடத்தைப் பட்டியல் போட்டு அவருக்கே போன் அடிப்பார். அந்தச் சேவைக்காகத் தெருவே அவரைப் பொறுத்துக்கொண்டது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். அடுத்தடுத்து மழை, சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை பொங்கி வந்த வாரம். புயல் மையத்தின் பூட்டு உப்புக் காற்றில் இறுகிப்போயிருந்தது. இருட்டில், ஒரு கையில் டார்ச், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பென்சிலைச் சீவிய கரித்தூளைத் துவாரத்தில் ஊதி ஊதித் திறந்தார். பின்னால் பாயும் பிள்ளையுமாக நாற்பது பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். அன்றைக்கு யாரிடமும் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை.

மழை விட்டதும் ஒரு அதிகாரி வந்தார். பொதுக் கட்டடத்தின் சாவி தனிநபரிடம் இருப்பது முறையல்ல என்றார். நியாயம்தானே. அண்ணன் புதுப் பூட்டு வாங்கினார், தன் காசில்தான். உறைக்குள் இரண்டு சாவி. ஒன்றை அதிகாரி கையில் கொடுத்தார். அவர் அதை ஒரு காகித உறையில் போட்டு, மேலே கட்டடத்தின் பெயரை எழுதி, பத்திரமாக மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அடுத்த மூன்றாம் மாதம் அவருக்கு மாற்றல் வந்தது. இழுப்பறைச் சாவியை அவர் மறந்துபோய்த் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

போன வாரம் புதியவர் ஆய்வுக்கு வந்தார். ஜீப் கட்டடத்தின் முன்னால் நின்றது. கல்வெட்டை முழுசாகப் படித்தார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அப்புறம் சாலையைக் கடந்து டீக்கடைக்கு வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே டீ ஆற்றுகிறவரின் தாடை தெற்கே திரும்பிவிட்டது. மதியம் மூன்று மணி, அண்ணன் நல்ல தூக்கம். உதவியாளர் போய் நின்று தொண்டையைச் செருமினார். கண்ணைத் திறக்காமலேயே அரைஞாணில் கை போனது, கொத்தைத் தடவியது, மாத்திரை அட்டை இரண்டைத் தள்ளியது, மூன்றாவது சாவியில் நின்றது.

"தெறந்துட்டுக் கொண்டாந்து குடுத்துருங்க."