அன்பு படித்தால் வருமா?

கேள்வி: உளவியலாளர் எரிக் ஃப்ராமின் 'அன்பு எனும் கலை' வெளிவந்து ஏறக்குறைய எழுபது வருஷம் ஆச்சு. இன்னும் ஏனுங்க அதைத் தேடிப் படிக்கிறாங்க? அதில் காதலிக்கச் சொல்லித் தர்றாங்களா?
(கல்லூரி மாணவி, பீளமேடு)

பதில்: நம்மை அடுத்தவர் விரும்ப என்ன செய்யலாம் என்று சொல்லும் புத்தகங்களுக்குப் பஞ்சமே இல்லை. 1956இல் வந்த இந்தச் சின்னப் புத்தகம் கேள்வியை நம் பக்கம் திருப்பிவிட்டது: விரும்பும் திறன் உனக்கு இருக்கிறதா? ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவரைக் கொஞ்சம் நிறுத்தி, ஆள் கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறது. இருபது வயதில் படித்தால் கோபம் வரும். நாற்பதில் படித்தால் தூக்கம் போகும். அதனால்தான் அப்பா அடிக்கோடு போட்ட பிரதியை மகள் எடுத்துப் படிக்கிறாள்.

கேள்வி: மதம் ஒரு மாயை என்றவர் ஃப்ராய்டு. அவர் வழியில் வந்த ஃப்ராம் ஞானிகளோடு எப்படிச் சேர்ந்தார்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு)

பதில்: 1900இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஃப்ராம். இளமையில் தால்முத் பயின்றார், பிறகு உளப்பகுப்பாய்வு கற்றார். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் 1934இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். மனத்தின் இருட்டறைகளைத் திறக்கும் சாவியை ஃப்ராய்டிடம் வாங்கிக்கொண்டார். ஆனால் நோய்க்குறி போனதும் சிகிச்சை முடிந்தது என்பதோடு அவர் நிற்கவில்லை. குறியெல்லாம் போன பிறகும் ஒருவர் பாதித் தூக்கத்தில் வாழக்கூடும், விழித்தெழுவது எப்படி? இந்தக் கேள்விதான் அவரை ஜெர்மானிய ஞானி மெய்ஸ்டர் எக்ஹார்ட்டிடமும் ஜென் மரபிடமும் கொண்டுபோய் விட்டது. 1957இல் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில் ஜென் அறிஞர் டி.டி. சுசுகியையும் உளப்பகுப்பாய்வாளர்களையும் ஒரே அரங்கில் உட்கார வைத்தார். அந்த உரைகள் 1960இல் நூலாகின.

'அன்பு எனும் கலை'யில் கடவுள்மேல் கொள்ளும் அன்பைப் பேசும் பகுதியைப் படித்துப் பாருங்கள். கடவுள் உண்டா என்று நிரூபிப்பது அங்கே அவருக்கு முக்கியமில்லை. கடவுளோடான ஒருமையை வாழ்ந்து காண்பதுதான் முக்கியம். உபநிடதங்களும் தாவோ மரபும் அங்கே சாட்சிக்கு வருகின்றன. திருமூலரைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பக்கங்கள் அந்நியமாகவே இருக்காது. காயத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அதற்கு அப்பாலும் வழி உண்டு என்கிறார். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லியிருந்தால் இந்தப் புத்தகத்துக்கு இத்தனை ஆயுள் இருந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: பொண்ணு பார்க்கப் போனா எத்தனை பவுன், எத்தனை ஏக்கர்னுதான் பேச்சே. ஃப்ராமுக்கு நம்மூரைப் பத்தி என்னங்க தெரியும்?
(வாசகர், காங்கயம்)

பதில்: ஊர் தெரியாது, சந்தை தெரியும். தன் விலை எவ்வளவு, அந்த விலைக்கு எதிரே என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்த்தே இந்தக் காலத்து மனிதர்கள் துணை தேடுகிறார்கள் என்று அமெரிக்கர்களைப் பார்த்துத்தான் எழுதினார். நாம் அதைத் தாம்பூலத்தோடு செய்கிறோம். தரகர் கொண்டுவரும் தாளில் தோட்டம், கார், சாதி, குலக்கூட்டம் எல்லாம் இருக்கும். அந்தப் பெண் எதற்குச் சிரிப்பாள் என்பது இருக்காது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: தமிழில் கொண்டுவந்தது யார்?
(வாசகி, சிங்காநல்லூர்)

பதில்: மொழிபெயர்த்தவர் ராஜ் கௌதமன். வெளியிட்டது நம் கோவை விடியல் பதிப்பகம். இது தற்செயல் அல்ல. ஃப்ராம், மார்க்ஸையும் ஃப்ராய்டையும் ஒருசேர நேசித்தவர். மார்க்சியத்துக்குள் அன்பையும் மெய்யியலையும் கொண்டுவரப் போராடிய எஸ்.என். நாகராசனும் கோவை ஞானியும் இந்த ஊரில் எத்தனையோ வருஷம் விவாதித்திருக்கிறார்கள். பார்வை போன பிறகும் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு எழுதியவர் ஞானி. அப்படிப்பட்டவர்கள் உழுது வைத்த நிலத்தில் விழுந்த விதை இது. 2012இல் மறைந்த விடியல் பதிப்பாளர் சிவாவை, நல்ல புத்தகம் படித்து முடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆழியாறு மனவளக்கலையும் இதுவும் ஒண்ணுங்களா?
(விவசாயி, பொள்ளாச்சி)

பதில்: ஒன்றல்ல, பக்கத்துத் தோட்டம். மனவளக்கலையை வகுத்த வேதாத்திரி மகரிஷியின் அகத்தாய்வில் எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீர்செய்வது, சினம் தவிர்ப்பது, கவலை ஒழிப்பது என்று போய், 'நான் யார்' என்ற கேள்வியில் நிற்கிறோம். தன்னைத் தானே பார்ப்பதில் தொடங்கிப் பேரியற்கை வரை போவது இரண்டுக்கும் பொது. தனிமனிதர் திருந்தினால் மட்டும் போதாது, அன்பை நசுக்கும் பொருளாதாரமும் மாற வேண்டும் என்பதில் ஃப்ராம் கூடுதல் கறார்.

கேள்வி: இந்தப் புத்தகத்தில் குறையே இல்லையா?
(வாசகர், நாமக்கல்)

பதில்: உண்டு. தாயன்பு நிபந்தனையற்றது, தந்தையன்பு தகுதி பார்ப்பது என்று அவர் பிரிப்பதை, பிள்ளையை மடியில் வைத்துச் சோறூட்டும் எத்தனையோ அப்பாக்கள் பொய்யாக்குகிறார்கள். தன்பாலின அன்பைக் குறைபாடாகச் சொன்னது தவறு, அந்தப் பத்தியை ஏற்க முடியாது. சமூகத்தோடு சமரசம் செய்துகொண்டார் என்று மெய்யியலாளர் மார்க்யூஸ் அவரோடு சண்டை போட்டார். அந்தக் குற்றச்சாட்டை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தச் சமூகத்தில் அன்பு செலுத்துவதே எதிர்ப்பு என்றுதான் ஃப்ராமை நான் வாசிக்கிறேன்.

கேள்வி: பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேர வேலை. எனக்கெல்லாம் இது சரிப்படுமா?
(தையல் தொழிலாளி, திருப்பூர்)

பதில்: உங்களுக்குத்தான் முதலில் புரியும். ஓவர்லாக் மெஷினில் கை பழக எத்தனை மாதம் ஆனது, எத்தனை பீஸ் வீணானது? அன்பும் அப்படிப் பழகும் தொழில்தான் என்கிறார் ஃப்ராம். ஒழுங்கு வேண்டும், கவனம் வேண்டும், பொறுமை வேண்டும். காலையிலும் இரவிலும் இருபது நிமிடம் சும்மா உட்காரச் சொல்கிறார். பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவருக்கு அந்த இருபது நிமிடம்கூடக் கிடைக்காமல் போவது உங்கள் குற்றம் அல்ல, அதையும் அவர் ஒத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். போனை அணைத்துவிட்டு, வீட்டில் ஒருவர் பேசுவதைக் கடைசிவரை குறுக்கிடாமல் கேளுங்கள். முன் அத்தியாயங்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.