கசிவு வைத்தியர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து விசைப்படகுகளுக்கு அது ஓய்வு. கசிவு வைத்தியருக்கு அதுதான் சீசன். பெயின்ட் காய்ந்து, படகு மறுபடி அரியாங்குப்பம் ஆற்றில் இறங்கி, அடியில் தண்ணீர் ஏறுகிறது என்ற சேதி பரவினால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

ஸ்பேனர் அவர் கையில் இருந்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய கருவி நாக்கு. தேங்கிய நீரை விரலால் தொட்டு ருசிப்பார். உப்புக் கரித்தால் கடல். கரிக்காவிட்டால், "இன்னாபா, ஐஸ் உருகின தண்ணிக்கா என்னைக் கூப்ட்ட?" என்று ஓனரை முறைப்பார். கிண்டல் செய்கிறவர்கள்கூட இந்தச் சோதனையைக் குறை சொல்வதில்லை.

அடுத்த உத்தரவு: "என்ஜினை நிறுத்து." நின்ற படகிலும் நீர் ஏறினால் ஷாஃப்ட் வெளியேறும் கிளாண்ட் அல்லது படகின் உடம்பு, ஓடும்போது மட்டும் ஏறினால் கூலிங் பம்ப், ஹோஸ் பக்கம் தேட வேண்டும்.

கிளாண்டில்தான் சண்டை வரும். ஒரு சொட்டுகூட வரக்கூடாது என்பார் ஓனர். வைத்தியருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சுழலும் ஷாஃப்டைச் சுற்றியுள்ள பேக்கிங்கைக் குளிர்விப்பதே அந்தக் கசிவுதான். நிமிடத்துக்குச் சில சொட்டு விழவே வேண்டும். நட்டை இறுக்கி அதையும் நிறுத்தினால் பேக்கிங் கருகும், ஷாஃப்டில் கோடு விழும். "சொட்டு வேணாம்னா படகை ரோட்ல ஓட்டு!"

எப்போதாவது ஸ்டெர்ன் டிரைவ் வைத்த உல்லாசப் படகு வந்தால் அன்று அவருக்குத் திருவிழா. 1959இல் வோல்வோ பென்டா 'அக்வாமேட்டிக்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு அது: என்ஜின் உள்ளே, புரொப்பெல்லர் கால் வெளியே. இரண்டுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பெல்லோஸ். வெயிலில் அது வெடிக்கும்; ஒட்டி வளரும் கொட்டலசு கிழிக்கும். மடிப்புக்குள் நீர் புகுந்தால் முதலில் பேரிங் உறுமும், பிறகு படகே அமிழும். மாற்ற வேண்டுமானால் படகைக் கரையேற்றிக் காலைக் கழற்றியே ஆகவேண்டும்.

கீழ்க் கியர் ஆயிலைத் திறக்கச் சொல்வார். பால் காபி நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது. மெக்கானிக் ஆயிலை வடித்துவிட்டு உள்ளே காற்றடிப்பார். மேலே சோப்பு நீர் பூசினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். "அதோ!" என்று கத்துவது வைத்தியரின் உரிமை. பம்பும் கையுமாக இருக்கிற மெக்கானிக்குக் குமிழியைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்தானே? கூலி ஒரு டீ.

சொன்னது தப்பிப் போனாலும் அவர் அசர மாட்டார். பேக்கிங் மாற்றிய மறுநாளும் நீர் ஏறியது ஒரு படகில்.

"அந்தக் கசிவு நின்னுடுச்சி தம்பி. இது வேற. அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்துச்சி."

"இன்னும் எத்தினிண்ணே ஒளிஞ்சிருக்கு?"

"படகு வாங்கி எத்தினி வருசம் ஆச்சி?"