பணக்கார வீரன் நல்லவனாதல் கூடுமோ? கதவு தட்டல் நோக்கில் ஓர் ஆய்வு

பணமும் மாறுவேடமும் ஒருவனிடமே சேர்ந்தால் அவன் நல்லவனாக இருக்க முடியுமா என்பதே இவ்வாய்வின் சிக்கல். களம் மதுரை வண்டியூர். ஆய்வாளர் குடியிருப்பது அங்கேதான் என்பதால் பஸ் செலவு மிச்சம். முன்னாய்வுகள் இல்லை, இருந்திருந்தாலும் இப்படித்தான் எழுதுவது மரபு.

வகைப்பாடு வருமாறு. பேட்மேன்: 1939, பரம்பரைச் சொத்து. இரும்புக்கை மாயாவி: 1972இல் முத்து காமிக்ஸ் வழியே சிவகாசியிலிருந்து தமிழுக்கு வந்தவர், ஆய்வுக்கூட உதவியாளர் சம்பளத்தில் போன கைக்கு இரும்புதான் கட்டுப்படியாகும் என்பதால் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறார். திருமலை நாயக்கர்: மகாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளத்தையே தெப்பக்குளமாக்கிப் புண்ணியம் தேடியவர் என்பது ஊர் வழக்கு. மகால் 1636, குளம் 1645. நடுவில் 9 ஆண்டு அந்தப் பள்ளத்தில் தேங்கியது நீரா, கொசுவா என்பதற்குத் தனிக் கருத்தரங்கு தேவை.

இனிப் பொற்கைப் பாண்டியன். இரவில் வேடமிட்டு மதுரையில் ரோந்து வந்தவன். ஏழை கீரந்தை வெளியூர் போயிருக்க, அவன் மனைவி தனித்திருந்த வீட்டுக்குக் காவலாய் நின்றான். ஒருநாள் உள்ளே ஆண்குரல், கதவைத் தட்டினான். திரும்பி வந்திருந்த கீரந்தையின் குரல்தான் அது. அந்த வீட்டின் மேல் மட்டும் பழி விழக்கூடாதே என்று தெருவில் எல்லாக் கதவையும் தட்டிவிட்டு ஓடினான். மறுநாள் சபையில், தட்டிய தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான். கை வெட்டிய செய்தி சிலப்பதிகாரம் கட்டுரை காதையில் உண்டு.

புலவர்கள் கையையே பார்த்தார்கள்; கதவுகளை எவரும் பார்க்கவில்லை. தட்டு மூவகைப்படும். முதல் தட்டு, ஐயத் தட்டு. இரண்டாவது, சமாளிப்புத் தட்டு. மூன்றாவது முதல் தெருக்கோடி வரை பொதுநலத் தட்டு (தெப்பக்குளம், வடக்குப் படிக்கட்டு, வாய்மொழி, கடலைப் பொட்டலம் 1). பொதுநலத் தட்டில் கைக்குழந்தை விழித்துக்கொண்ட வீடுகளின் நிலை என்ன? வட்டிக்காரன்தான் வந்துவிட்டான் என்று பரண் ஏறியவரை யார் இறக்கினார்கள்? ‘இறங்கவேயில்லை’ என்பது ஒரு சாரார் கருத்து (மேற்படி படிக்கட்டு, பொட்டலம் 3, மறுப்புக்குக் காண்க: பொட்டலம் மடித்த தாள், எண்ணெய் படாத பகுதி, கீழிருந்து நான்காம் வரி, கிழிசலுக்கு இப்பால்).

வெட்டிய கைக்குப் பதில் பொன்னில் கை செய்தார்கள் என்பது கதை. செய்கூலி யார் கொடுத்தது? கஜானா. கஜானாவுக்கு யார் கொடுத்தது? தட்டப்பட்ட கதவுக்காரர்கள். ஆக, ராத்திரி அரசன் தட்டினான்; விடிந்ததும் வரி தண்டுபவன் தட்டினான். பேட்மேனாவது கார் வாங்கச் சொந்தக் காசைத்தான் எடுத்தான்.

இக்கட்டுரையின் சுருக்கம் ஏற்கெனவே ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் படிக்கப்பட்டது. பன்னாடு என்பது மலேசியாவிலிருந்து ஸூமில் வந்து பாதியில் அறுந்துபோன ஒருவர். பொற்கைக்குச் சேதாரம் எத்தனை சதவீதம் என்பது அடுத்த கட்டுரையில் ஆராயப்படும். அதற்கான பதிவுக் கட்டணத்தை, சாப்பாடு நீங்கலாக, முன்கூட்டியே கட்டிவிட்டேன்.