நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது

டப்ளினில் எந்த வாசகர் வட்டத்துக்குப் போனாலும் இவர் இருப்பார். தேநீரில் பால் விழுவதற்குள் தீர்ப்பு விழுந்துவிடும்: "கொலை செய்தது யாரென்று எனக்கு நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது." பிறகு எதற்கு மிச்சத்தையும் படித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வீடு போய்ச் சேர முடியாது.

டானா ஃபிரெஞ்சின் 'இன் த வுட்ஸ்' நாவல் இந்த மாதப் புத்தகம் என்றால் இவருக்குத் தீபாவளி. 2007-ல் வந்து, அடுத்த ஆண்டே சிறந்த முதல் நாவலுக்கான எட்கர் விருது வாங்கிய கதை. 1984 கோடையில் மூன்று பிள்ளைகள் காட்டுக்குள் போகிறார்கள். ஒரு பையன் மட்டும் கிடைக்கிறான். காலணி நிறைய இரத்தம், தலைக்குள் ஒரு நினைவும் இல்லை. அவன்தான் வளர்ந்து, ராப் ரையன் என்று பெயரை மாற்றிக்கொண்டு, அதே காட்டோரம் நடந்த ஒரு சிறுமியின் கொலையைத் துப்புத் துலக்க வருகிறான். தான் யார் என்பது பற்றி மேலதிகாரியிடம் மூச்சு விடுவதில்லை.

ராப் குடிக்கிறான்; தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறான்; பொய் சொல்வேன் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டுச் சொல்கிறான்; உயிராய்ப் பழகிய சக துப்பறிவாளி காஸியின் மனத்தை உடைக்கிறான். நம்மவர் அத்தனைக்கும் முன்ஜாமீன் கொடுத்துவிடுவார். "பாவம், சின்ன வயதில் பட்ட பாடு அப்படி." ஐரிஷ் துப்பறிவாளன் என்றால் மனக்காயம் சீருடையோடு சேர்த்துக் கொடுக்கப்படுவது என்பது இவர் எண்ணம். கென் ப்ரூயன் படைத்த கால்வே ஊர் ஜாக் டெய்லர், போலீஸ் வேலையைப் பறிகொடுத்துவிட்டு மதுக்கடையே கதி என்று கிடப்பவன்; அவன் இவருக்குச் சொந்தத் தம்பி மாதிரி. வேளைக்குச் சாப்பிட்டு, பெண்டாட்டியோடு சிரித்துப் பேசும் துப்பறிவாளன் வந்தால்தான் சந்தேகப்படுவார்: "இவன் எதையோ மறைக்கிறான்."

நாவலாசிரியைக்கு மட்டும் ஜாமீன் கிடையாது. சிறுமியின் கொலைக்கு விடை சொன்னவர், 1984-ல் காணாமல் போன இரண்டு பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே! "இத்தனை பக்கம் உட்கார வைத்துவிட்டு? இது மோசடி இல்லையா?" இவர் பிரதியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஓரமெல்லாம் பென்சில். 'பொய்', 'மறுபடி பொய்', 'காடு – வரைபடம் எங்கே?' கடைசிப் பக்கத்தில் எழுத்து இல்லை. காகிதம் கிழியும் அளவுக்கு ஒரே ஒரு கேள்விக்குறி.

குறுக்கு விசாரணை அதோடு முடியாது. கதை நடக்கும் நாக்நரீ டப்ளின் பக்கத்தில் இல்லை, அந்தப் பெயரில் ஒரு மலை ஸ்லைகோவில்தான் இருக்கிறது என்பார். அது வேறு, கதையில் வருவது கற்பனை ஊர் என்று சொன்னால், "அப்படியா, ரொம்ப வசதி" என்று குறித்துக்கொள்வார். ஆசிரியை பிறந்தது அமெரிக்காவில் என்பது அடுத்த குற்றச்சாட்டு. 1990 முதல் டப்ளினில்தானே இருக்கிறார்? போதாதாம்.

இவ்வளவு கோபக்காரர், இந்த நாவலில் தொடங்கும் வரிசையின் ஆறு நாவல்களையும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் கதை சொல்பவர் வேறு ஆள். எங்காவது ஓரிடத்தில் ராப் தலைகாட்டி உண்மையைக் கக்குவான் என்று காத்திருந்தார். ராபின் கதை 2019-ல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்.

ஒரு நாள் வாசகர் வட்டத்தில் எதிரே பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்த அம்மாள் மெல்லச் சொன்னார்: "எழுதினவளுக்கே தெரியாதோ என்னவோ."

இவர் பதறிப்போய்ப் புத்தகத்தைத் திருப்பி, ஆசிரியையின் படத்தை மேசை நடுவே தள்ளினார். "இந்தக் கண்ணைப் பாருங்கள் அம்மா. இதுவா தெரியாத முகம்?"