மூளை என்னும் சாப்பாட்டு ராமன்

கேள்வி: பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கு மணிக்கொரு தரம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கிறேன். மூளை வேகமாக ஓடுமா?

பதில்: ஓடாதம்மா. மூளை சாப்பாட்டு ராமன்தான். உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான் தேறும்; ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ்! ஆனால் கணக்குப் போட்டாலும் சன்னல் வழியே வேடிக்கை பார்த்தாலும் இந்தச் செலவு பெரிதாக மாறுவதில்லை. நாலு இட்லியும் சாம்பாருமே அதற்குப் போதுமான தொடக்கம். சாப்பாட்டில் மிஞ்சியதைக் கல்லீரல் சேமித்து, இரவு முழுக்க மூளைக்குப் படியளக்கும்.

பல நாள் பட்டினி என்றாலும் கல்லீரல் கைவிடாது. கொழுப்பைக் கீட்டோன் என்னும் எரிபொருளாக்கி அனுப்பும், மூளை அதை எரித்துப் பிழைத்துக்கொள்ளும். இப்படிப் பட்டினி இருக்கும்போது வலிப்பு குறைவதையும் கண்டவர்கள் இருந்தார்கள். பட்டினி போடாமலே அந்தப் பலனைப் பெற, 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர் கீட்டோனை உண்டாக்கும், கொழுப்பு மிகுந்த உணவுமுறையை முன்வைத்தார். மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகள் பலருக்கு இன்றும் அது கைகொடுக்கிறது. ஆனால் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

உங்கள் மகளுக்குக் காலைச் சாப்பாடும் ராத்திரித் தூக்கமும் தவறாமல் கிடைக்கட்டும். குளுக்கோஸ் டப்பாவை மூடி வையுங்கள்.