இது ஹெரால்டு இல்லைங்க

என் காருக்கு ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயர் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். தெரு வைத்த பெயர் பூனைக் கட்டில். மூன்று வருஷம் நகராமல் நின்ற வண்டியின் துணிக்கூரைமேல் தெருவிலுள்ள பூனைகள் முறைபோட்டுத் தூங்கியதால் வந்த பெயர்.

வால்பாறையில் தேயிலைத் தோட்ட மேனேஜராக இருந்த என் தாய்மாமா, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய 1964 மாடல் அது. பிள்ளையில்லாத மாமா போன பிறகு சொத்தைப் பிரித்தபோது அண்ணனுக்கு உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு வந்தது. எனக்குக் கார் வந்தது. "கொடுத்து வச்சவன்டா நீ" என்றார் அண்ணன், தேங்காய் எண்ணிக்கொண்டே.

லாரியிலிருந்து இறக்கும்போதே மனைவி கேட்டாள்: "நாம நாலு பேரு. இதுல ரெண்டு சீட்டு. மிச்ச ரெண்டு பேரு?"

"மாத்தி மாத்திப் போகலாம்" என்றேன். மிச்ச இரண்டு பேருக்கும் பின்னால் நின்று தள்ளுகிற வேலை இருக்கிறது என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

எடுத்த எடுப்பிலேயே ஒரு சபதம் செய்துகொண்டேன். போடுகிற ஒவ்வொரு பாகமும் ஒரிஜினலாக இருக்க வேண்டும். போர் விமானத்தின் பெயர் தாங்கிய வண்டி இது. 1147 சி.சி. எஞ்சின், இரட்டைக் கார்புரேட்டர், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். இதில் லோக்கல் சாமான் போடுவது பட்டு வேட்டிக்கு லுங்கித் துணியில் ஒட்டுப்போடுவது மாதிரி.

இந்தக் கொள்கையோடு, சென்னையில் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். ஒரு வாரத்தில் அந்த ஊர் பாஷை புரிந்துவிட்டது. அங்கே "ஒரிஜினல்" என்றால் டூப்ளிகேட். "பக்கா ஒரிஜினல்" என்றால் நல்ல டூப்ளிகேட். "கம்பெனி ஒரிஜினல்" என்றால் வேறு ஏதோ ஒரு காரின் ஒரிஜினல். "கழட்டின சாமான் சார்" என்று கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னால் மட்டும்தான் அது நிஜமான ஒரிஜினல். ஸ்பிட்ஃபயர் என்று நான் சொன்னதும் ஒருவர் ஸ்ப்ளெண்டர் பைக்கின் கிளட்ச் கேபிளை எடுத்து நீட்டினார். இன்னொருவர் என்மேல் இரக்கப்பட்டு, "ஹெரால்டு பாய்கிட்ட போங்க" என்று ஒரு சந்தைக் காட்டினார்.

பாய்க்கு எழுபத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்கு வந்தவர், பூனையை இறக்கிவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றினார். பானெட், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக இருக்கும் முன்பக்கத்தை அப்படியே முன்னால் கவிழ்த்துத் திறந்தார். சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தீர்ப்புச் சொன்னார்.

"ஹெரால்டுதான் தம்பி. தலையைச் சீவியிருக்காங்க."

"இது ஹெரால்டு இல்லை பாய். ஸ்பிட்ஃபயர். ஸ்போர்ட்ஸ் கார்."

"சரி தம்பி. ஸ்போர்ட்ஸ் ஹெரால்டு."

எனக்குச் சுருக்கென்றது. ஹெரால்டு என்றால் வண்டலூர் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1961 முதல் செய்த கார். டாக்டர்கள் வைத்திருப்பார்கள், வக்கீல்கள் வைத்திருப்பார்கள். நல்ல கார்தான், மரியாதையான கார்தான். ஆனால் ஸ்பிட்ஃபயரைப் போய் ஹெரால்டு என்பதா? பாயின் வாயை அடைக்க அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினேன். புத்தகங்கள் பாய் பக்கம் சாய்ந்துவிட்டன.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனிக்குக் கார்க் கூடு செய்து கொடுத்துவந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. அதை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக்கூட்டுக்கு வழியில்லாமல், பழைய பாணியில் தனியாக ஒரு சேசிஸ் செய்து, அதன்மேல் அங்கங்கே செய்வித்த துண்டுகளைப் போல்ட்டு போட்டு முடுக்கி, 1959-இல் ஹெரால்டு என்று விற்றார்கள். பாகம் கிடைக்காமல் அலைந்தவர்கள் செய்த கார்! அந்தச் சேசிஸில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே எட்டரை அங்குலத்தைக் குறைத்து, ஹெரால்டை வரைந்த அதே இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்ததுதான் ஸ்பிட்ஃபயர். அதைத் தயாரிக்கக் கையில் காசில்லை. மாதிரி வண்டியைத் துணி போட்டு மூடி ஒரு மூலையில் நிறுத்திவிட்டார்கள். 1961-இல் கம்பெனியே லேலண்டின் கைக்குப் போனபோது, தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்த ஸ்டான்லி மார்க்லண்ட் என்ற லேலண்ட் அதிகாரி அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தார். பிடித்துப்போயிற்று. மறுவருஷம் கார் கடைக்கு வந்தது.

ஆக, மூலையில் மூடிக்கிடப்பதும் பாகத்துக்கு அலையவிடுவதும் இந்தக் குலத்தின் பிறவிக் குணம். துணிமேல் பூனை தூங்கியதா என்று மட்டும் புத்தகத்தில் போடவில்லை.

வேலை ஆரம்பித்தது. முதல் நாளே அளவுத் தகராறு. இந்தக் காரின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டு என்பது 12.7 மில்லிமீட்டர். என்னிடமிருந்த புது ஸ்பானர் செட்டில் 12 நுழையாது, 13 வழுக்கும். வழுக்கி வழுக்கி நட்டு உருண்டையானது, என் முழங்கை சதுரமானது. பாய் தன் துணி மூட்டையை அவிழ்த்து ஹெரால்டு காலத்து ஸ்பானரை எடுத்தார். நட்டு சொன்ன பேச்சைக் கேட்டது.

அடுத்தது கரண்டு. ஊரிலுள்ள காருக்கெல்லாம் பேட்டரி மைனஸ்தான் பாடியோடு சேரும். 1967-க்கு முந்தின ஸ்பிட்ஃபயருக்குப் பிளஸ் சேரும். இது தெரியாமல் என் மகன் ஆசையாக ஒரு மியூசிக் சிஸ்டம் பொருத்தினான். அது பாடாமலேயே புகைந்தது.

எஞ்சின் பக்கத்துச் சில்லறைச் சாமான்கள், முன்பக்கத்து மூட்டுகள் என்று ஒவ்வொன்றாகப் பாயின் கோணியிலிருந்து வந்துகொண்டே இருந்தன. டிஸ்க் பிரேக்கின் ரப்பர் கிட் மட்டும் அதில் தேறவில்லை. "நம்ம ஹெரால்டுல முன்னாடியும் டிரம்தான் தம்பி" என்றார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஒரு பாகமாவது ஸ்பிட்ஃபயராக இருக்கிறதே! இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பினேன்.

பார்சலுக்குப் பதில் ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நேரில் போனேன். மேலே ஒட்டியிருந்த விவரச்சீட்டில் "ஸ்பிட்ஃபயர் பிரேக் பாகங்கள்" என்று இருந்ததுதான் வினை. அதிகாரி இரண்டாம் உலகப்போர்ப் படங்கள் நிறையப் பார்த்தவர் போலிருக்கிறது.

"எத்தனை விமானம் வச்சிருக்கீங்க?"

"விமானம் இல்லை சார், கார்." பூனையோடு எடுத்த படத்தைக் காட்டினேன்.

"அப்ப இது பறக்காதா?"

"ஓடவே ஓடாது சார்."

அந்தச் சொல்லில் இருந்த சத்தியம் அவரை உருக்கிவிட்டது. பார்சலைக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, உள்பெட்டியைப் பிரித்து, கடைசியில் கிட் இருந்த பிளாஸ்டிக் உறையைப் படித்தேன். மேட் இன் இந்தியா. பாய் அதை வாங்கிக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தார். "ஃபாரின் ரிட்டர்ன் மாப்பிள்ளை தம்பி. அதான் இந்த விலை."

என் கர்வத்தின் கடைசி போல்ட்டைக் கழற்றியது ட்ரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தூணின் அடி, மரைவெட்டிய ஒரு வெண்கலத் துண்டுக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தூண் அதற்குள் திருகித் திருகித் திரும்பும். உள்ளே எண்ணெய் வற்றினால் ஒருநாள் தூணின் அடி ஒடியும், சக்கரம் சாஷ்டாங்கமாக விழும்.

"மாமா இதுல என்ன போடுவாரு?"

"கிரீஸ் பாய். உசந்த கிரீஸ்" என்றேன் பெருமையாக.

பாய் கண்ணை மூடிக்கொண்டார், துக்க வீட்டில் நிற்பவர் போல. "இதுக்குக் கியர் ஆயில்தான் போடணும். கிரீஸ் உள்ளாற போய் இறுகிக்கும்." கோணிக்குள் கைவிட்டு ஒரு ஜோடி ஹெரால்டு தூணும் ட்ரன்னியனும் எடுத்து மாட்டினார். அச்சு அசலாகப் பொருந்தியது. நான் விடவில்லை. லோட்டஸ் எலான் என்ற புகழ்பெற்ற ரேஸ் ரகக் காரிலும் இந்தக் குடும்பத்துத் தூணைத்தான் போட்டார்கள் என்றேன்.

"பாத்தீங்களா தம்பி? அதுவும் ஹெரால்டுதான்."

இரவு தூக்கம் வரவில்லை. ஹெரால்டு உடம்பை இத்தனை ஒட்டிய பிறகு இது எந்தக் கார்? விக்கிரமாதித்தனிடம் வேதாளம் கேட்ட கணக்கு ஞாபகம் வந்தது. ஒருத்தியின் புருஷனுக்கும் இன்னொருவனுக்கும் தலையும் உடலும் மாறிப்போனால் அவளுக்குப் புருஷன் யார்? புருஷனின் தலை எவனிடம் இருக்கிறதோ அவன்தான் என்றான் ராஜா. என் காருக்குத் தலை எது? சேசிஸ் நம்பர் அடித்த தகடுதான். அது ஒரிஜினல்! காலையில் முதல் வேலையாகப் பாயிடம் சொன்னேன். அவர் அந்தத் தகட்டைத் துணியால் துடைத்தார்.

"தகடு ஒரிஜினல் தம்பி. அதைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ நான் போட்டது."

வெள்ளோட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஓட்ட, பக்கத்தில் பாய். மனைவியும் மகனும் பின்னால் ஸ்கூட்டரில். வண்டி கிண்டியைத் தாண்டும்வரை ராஜநடை போட்டது. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தின்மேல் இருமியது, தும்மியது, நின்றது. மிச்ச இரண்டு பேரும் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டுத் தள்ள வந்தார்கள்.

காலை நடைக்கு வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார். கண்ணில் ஒரு பளபளப்பு.

"இது ஹெரால்டுதானே?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. மிக்கெலோட்டியிலிருந்து தொடங்கும், பத்து நிமிஷம் போகும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தொடர்ந்தார்.

"எங்கப்பா வச்சிருந்தாரு. வண்டி எப்பவோ போயிடுச்சு. ஸ்பேர் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பரண்ல கிடக்கு. ஹெரால்டு வச்சிருக்கிறவங்க யாராவது கிடைச்சா சும்மாவே குடுத்துடலாம். இல்லேன்னா காயலான் கடைதான்."

பாய் என்னைப் பார்த்தார். வண்டியின் முதுகில் கைவைத்தபடி மனைவியும் பார்த்தாள்.

"ஹெரால்டேதாங்க" என்றேன். "கொஞ்சம் தலையைச் சீவியிருக்காங்க."