சாவி சார்

கம்ப்யூட்டர்காரர்கள் நாலு பேர் கூடினால் அதில் ஒருவர் சாவி சாராக இருப்பார். நம்ம சாவி சார் கருவேப்பிலங்குறிச்சியில் இருப்பவர், கொரோனாவில் லேப்டாப்போடு ஊர் வந்து அப்படியே தங்கிவிட்டவர். நண்பர்களோடு எழுதும் கோடை அடுத்தவன் இடத்தில் வைப்பானேன் என்று, பழைய டெஸ்க்டாப்பில் கிட்டீ என்கிற கோடு சர்வரைப் போட்டு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். மேலே காவலுக்கு விருத்தாசலத்துப் பீங்கான் பிள்ளையார். அம்மாவின் ஏடிஎம் பின் நம்பர், அட்டை உறையிலேயே ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கும். அது வேறு டிபார்ட்மெண்ட்.

பாஸ்வேர்டு என்றாலே அவருக்கு முகம் சுளிக்கும். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதால்தான் டாட்டு இலோனென், தொலைவிலுள்ள கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைய எஸ்எஸ்எச் எழுதினார் என்பதைச் சொல்லும்போது, வாசல் கதவை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். 2021 ஆகஸ்டில் கிட்ஹப்பே கோடு ஏற்ற பாஸ்வேர்டு செல்லாது என்றது. அதைத் தன்னைக் கேட்டுத்தான் செய்தார்கள் என்ற தோரணை.

புதுப் பையன் சேர்ந்தால் அவருக்குத் திருவிழா.

"தம்பி, ஈடி25519-ல சாவி உண்டாக்கு. ரெண்டு ஃபைல் வரும். 'பப்'னு வால் இருக்கிறத எனக்கு அனுப்பு. மொட்டையா இருக்கிறது உன் உயிரு, யாருக்கும் குடுக்காத."

"சரிண்ணா" என்று தம்பி வாட்ஸப்பில் மொட்டையைத்தான் அனுப்புவான். எல்லாத் தம்பிகளும் அதைத்தான் அனுப்புகிறார்கள். "அது செத்துப்போச்சு. வேற உண்டாக்கு" என்று துக்கம் தோய்ந்த குரலில் சொல்வார். அடுத்து, தம்பி தன் பெயரைப் போட்டு நுழையப் பார்ப்பான். "இங்க எல்லாருக்கும் பேரு கிட்-தான். நீ யாருன்னு சாவிய வச்சு அது கண்டுக்கும்."

முதல் தடவை இணையும்போது எஸ்எஸ்எச், சர்வரின் கைரேகையைக் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். ஊர் உலகம் பாராமல் யெஸ் அடிக்கிற இடம். சாவி சார் விடமாட்டார். முதுகுன்றத்தில், அதாவது விருத்தாசலத்தில், வாங்கிய 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போடுமுன் சுந்தரர் மாதிரிக்கு மச்சம் வெட்டி வைத்துக்கொண்டாரே, திருவாரூர்க் குளத்தில் எடுத்ததும் அதோடு ஒப்பிடத்தானே? "இது நம்ம பக்கத்து முறை தம்பி" என்று திண்ணையில் உட்கார்ந்து, 43 எழுத்தையும் போனில் ஒவ்வொன்றாக வாசிப்பார். "பெரிய க்யூ, சின்ன எல், ப்ளஸ், ஏழு..." விருத்தாசலம் பஸ் ஹாரன் அடித்தால் மறுபடி முதலிலிருந்து.

போன மாதம் பாஸ்வேர்டு வழியை அடியோடு மூடினார். மூடிய கையோடு லேப்டாப்பிலிருந்து நுழையப் பார்த்தால் "பெர்மிஷன் டினைட்". சர்வரில் தன் சாவி ஃபோல்டருக்கு அனுமதி எண் 700 வைக்க வேண்டியவர், எப்போதோ அவசரத்தில் 777 வைத்திருந்தார். ஊரே எழுதக்கூடிய ஃபோல்டரை எஸ்எஸ்எச் நம்பாது. நம்பவில்லை என்று வாய் திறந்து சொல்லவும் சொல்லாது. சர்வருக்கு மானிட்டர் கிடையாது. சீரியல் ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பிடுங்கி அதில் மாட்டினார்.

"பூட்டுனவனுக்கே தெறக்கலன்னா எந்தத் திருடன்டா வரப்போறான்?" என்றார் அம்மா.

"அதாம்மா செக்யூரிட்டி."